மாரிமுத்து என்ற பெயரில் ஆடியவர்

புதன்கிழமை மத்தியானம். டெலிபோன் அடித்தது.

எங்கள் பத்திரிகை ஆபீசில் ஒரே ஒரு டெலிபோன்தான். ஆசிரியர் அறைக்கும் அச்சுக்கூடத்துக்கும் நடுவில் சுவரில் மாட்டியிருக்கும். மை பட்ட கையோடு எடுக்கக் கூடாது என்பது ஆசிரியர் கட்டளை. எல்லார் கையிலும் மைதான். அதனால் பக்கத்தில் ஒரு பழைய துணி தொங்கும். நான் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

முதலில் ஒரு கடைக்காரர் பேசினார். "பேப்பர் ஆபீசா? இந்தாங்க, ஒரு அம்மா பேசணுமாம். சத்தமாப் பேசுங்கலா, அவங்களுக்கு இது பழக்கமில்ல."

பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ" என்றேன்.

"பந்து வெளையாட்டு எழுதுறவரு இருக்காரா?"

"நான்தாம்மா. சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்காரரு வெளையாண்டாரு. பேப்பர்ல எல்லாரு பேரும் போட்டிருக்காம். அவரு பேரு மட்டும் இல்லையாம்."

இப்படி வாரத்துக்கு நாலு பேர் கேட்பார்கள். பதில் என் வாயில் தயாராக இருக்கும்.

"எடம் பத்தலம்மா. அடுத்த ஆட்டத்துக்குப் பாத்துக்கலாம்."

"அடுத்த ஆட்டமா? அவரப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்கய்யா."

"யாரு?"

"போலீசு."

அந்த அம்மா பெயர் அஞ்சலை. புருஷன் கருப்பையா. ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். ஞாயிறு சாயங்காலம், கருப்பையா வெட்டுகிற மர நிரையில், ஒரு பிஸ்கட் டின் கிடைத்திருக்கிறது. மண்ணில் பாதி புதைத்த டின். உள்ளே அரிசியும் கருவாடும். அன்று மத்தியானம் அங்கே ஒரு ஆள் போனதைப் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் அது; காட்டோரம் அரிசி கிடைத்தால் அது காட்டுக்குள் இருப்பவர்களுக்கு, ஆயுதம் எடுத்த கம்யூனிஸ்டுகளுக்கு, வைத்த அரிசி. வேறு விளக்கம் கிடையாது.

திங்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலேயே கருப்பையாவைப் பிடித்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் தான் பண்டா ஹிலிர் திடலில், ஒத்தமரத் தோட்டத்து டீமில், பந்து ஆடிக்கொண்டிருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். செவ்வாய் எங்கள் பத்திரிகை வந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கொண்டுவரச் சொல்லி ஆள் வைத்துப் படித்திருக்கிறார். ஒத்தமரத் தோட்டத்துப் பதினோரு பெயரும் வரிசையாக இருந்தன. கருப்பையா இல்லை.

"பொய் சொல்றாருன்னு அடிச்சாங்களாம். அதுக்கப்புறம் வாயே தொறக்க மாட்டேங்கிறாராம். நீங்க பேரப் போட்டா விட்டுருவாங்களாய்யா?"

"பாக்கிறேம்மா" என்றேன்.

போனை மாட்டினேன். கருப்பையா அன்று ஆடினார். எனக்குத் தெரியும். நான் திடலில் இருந்தேன்.

நான் விளையாட்டுப் பக்கம் வந்தது

இந்த நினைவுகளைப் படித்துவரும் ஒரு வாசகர் செங் ஊரில் இருந்து கேட்டிருந்தார், "அச்சுக் கோத்த நீங்கள் எப்படி விளையாட்டுச் செய்தி எழுதினீர்கள்?" என்று. அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்தவன். டவுனுக்கு வந்து அச்சுக்கூடத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்தைப் பெட்டி அறைகளில் இருந்து பொறுக்கிக் கோப்பதுதான் வேலை. எழுதுகிற வேலைக்கு வரவில்லை.

முன்பு விளையாட்டுப் பக்கத்தை ஒரு பள்ளி வாத்தியார் பார்த்தார். அவசரகாலம் வந்த பிறகு தோட்டம் தோட்டமாகப் போக அவர் வீட்டில் விடவில்லை. காட்டுக்குள் இருப்பவர்கள் சடக்கில், நடு ரோட்டில், லோரியை நிறுத்திச் சுட்ட காலம் அது. அவர் நின்றுவிட்டார்.

ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், கொஞ்சம் கடு கடு. என்னைக் கூப்பிட்டார்.

"பழனி, இஞ்ச வாரும். உமக்குத் தோட்டத்துச் சனத்தின்ர பேருகள் தெரியும்தானே?"

"தெரியும் ஐயா."

"அப்ப நீரே எழுதும். அழகா எழுத வேண்டாம். பேர் பிழையில்லாமல் எழுதும்."

அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. பேர் பிழையில்லாமல்.

போனில் வருகிறவர்கள்

எங்கள் பத்திரிகை வாரத்துக்கு மூன்று நாள் வரும். செவ்வாய், வியாழன், சனி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துச் செய்தி திங்கள் காலையில் போனில் வரும். தோட்டத்து ஆபீசில் இருந்து கணக்கெழுதும் கிராணி பேசுவார். வெள்ளைக்காரத் துரை காலைச் சுற்றுக்குப் போன நேரம் பார்த்துப் பேசுவார்கள். அதனால் அவசரம் அவசரமாக வரும்.

"எழுதிக்கங்க. கோல்கீப்பர் ஆறுமுகம்."

"ஆறுமுகமா, ஆறுமுகனா?"

"யோவ், ஏதோ ஒண்ணு போடுலா. தொர வந்துருவாரு."

ஏதோ ஒன்றைப் போட்டால் செவ்வாய் மத்தியானம் அந்த ஆறுமுகமே போன் செய்வார்.

தோற்ற டீமின் பயிற்சியாளர்கள்தான் அதிக நேரம் பேசுவார்கள். மழை என்பார்கள், ரெப்ரி என்பார்கள், பந்தில் காற்றில்லை என்பார்கள். புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு தண்டல், ஏழு கோல் வாங்கிவிட்டு என்னிடம் சொன்னார், "ஏழுன்னு போடாதப்பா. பல கோல்னு போடு."

அதற்குப் போட்டியாக ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் இன்னொருவர். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தின் பாதியில் கடைக்கு ஓடிவந்து போன் செய்தார். "நாங்க ஜெயிச்சிட்டோம், எழுதிக்க." நான் எழுதிக்கொண்டேன். அவர் திரும்பிப் போவதற்குள் தோற்றுவிட்டார்கள். அச்சில் ஜெயித்தது அவர்கள்தான். அவர் அந்தப் பத்திரிகையை வெகுநாள் வைத்திருந்தாராம்.

சிரிப்புதான். ஆனால் ஒன்று புரிந்தது. திடலில் நடந்ததைவிட அச்சில் வந்ததைத்தான் ஜனங்கள் நம்பினார்கள். போலீசும் அப்படித்தான்.

சுடக் கூடாது

அவசரகாலத்துக்கு முன் நாங்கள் எழுதுகிற பாணி வேறு. "ஒத்தமரத்தார் எதிரியின் எல்லைக்குள் புகுந்து தாக்கினார்கள். வேலு தூரத்தில் இருந்து சுட்டார்." இப்படித்தான் பந்தாட்டச் செய்தி இருக்கும். நானும் முதலில் அப்படியே எழுதினேன்.

அரசாங்கத்துக்காகத் தமிழ்ப் பத்திரிகைகளை மொழிபெயர்த்துப் பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து ஒரு நாள் ஆசிரியருக்குக் கடிதம் வந்தது. எந்தத் தோட்டத்தில் யார் யாரைச் சுட்டது என்று கேட்டிருந்தார்.

ஆசிரியர் அந்தக் கடிதத்தை என் கோப்புப் பலகை மேல் வைத்தார். "இண்டையில இருந்து உம்மட பக்கத்தில ஒருத்தரும் சுடப்படாது. உதைக்கட்டும்."

அதற்குப் பிறகு எல்லாரும் உதைத்தார்கள். யாரும் எல்லைக்குள் புகவில்லை, யாரும் தாக்கவில்லை, எதையும் கைப்பற்றவில்லை. கோப்பையைக்கூட "பெற்றுக்கொண்டார்கள்."

ஆட்டமும் குறைந்தது. ஊரடங்குக்கு முன் லோரி தோட்டத்து வேலிக்குள் போய்விட வேண்டும். அதனால் இரண்டாவது பாதியை இருபது நிமிஷத்தில் முடித்தார்கள். சில நாள் ரெப்ரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பந்து கோல் பக்கம் போகும்போதே ஊதிவிடுவார்.

இடமும் குறைந்தது. முழுப் பக்கம் அரைப் பக்கமானது. காகிதம் வரத்து இல்லை. அரசாங்க அறிவிப்பு, ஊரடங்கு நேரம், சரணடைந்தவர்கள் செய்தி எல்லாம் முன்னால் வர வேண்டும். அரைப் பக்கம் ஒரு பத்தியானது. பத்தி, பத்தியில் பாதியானது. ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியல் போடுவதை ஆசிரியர் நிறுத்தச் சொன்னார். கோல் போட்டவர் பெயர் மட்டும் போதும் என்றார்.

நிறுத்தினேன். போன் நிற்கவில்லை. "பேரு இல்லன்னா எதுக்கு பேப்பரு?" என்று கேட்டார்கள். சரியான கேள்விதான்.

பதினோரு பெயர்

அந்த வருஷம் தோட்டங்களுக்குள் ஒரு கோப்பைப் போட்டி நடந்தது. ஒத்தமரத் தோட்டம் முதல் தடவையாக செமி பைனலுக்கு வந்தது.

திங்கள் காலையில் நான் ஆசிரியரிடம் போய் நின்றேன். செமி பைனலுக்காவது பதினோரு பெயரும் போடலாம் ஐயா என்றேன். அவர் முடியாது என்றார். நான் நகரவில்லை. அதற்கு முன் நான் அவரிடம் அப்படி நின்றது கிடையாது.

"சரி. பொடி எழுத்தில போடும்" என்றார்.

பொடி எழுத்தில் கோத்தேன். இரண்டு டீமுக்கும் இருபத்திரண்டு பெயர். சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பட்டியலைத்தான் இன்ஸ்பெக்டர் கருப்பையா முன்னால் விரித்தார். நான் ஆசிரியர் சொன்னதைக் கேட்டிருந்தால், ஒத்தமரத்தில் யார் ஆடினார்கள் என்று அச்சில் இருந்திருக்காது. கருப்பையா சொன்னதைப் பொய் என்று காட்ட அவர்கள் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

ஆள் மாற்று

கருப்பையா ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

கோப்பைக்கு ஒரு விதி. எந்தத் தோட்டத்து டீமோ, அந்தத் தோட்டத்துச் சம்பளப் பட்டியலில், செக்ரோலில், பெயர் உள்ளவன்தான் ஆடலாம். விதி இருந்தது. ஆள் மாற்றும் இருந்தது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து நல்ல ஆளைக் கூட்டிவந்து காய்ச்சல்காரன் பெயரில் இறக்கிவிடுவார்கள். எல்லாத் தோட்டமும் செய்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

அடையாள அட்டை வந்த பிறகு கோப்பைக் கமிட்டி அட்டையைக் காட்டச் சொன்னது. அதற்கும் வழி கண்டார்கள். அட்டையையே இரவல் வாங்கினார்கள். அட்டைப் படம் மங்கலாக இருக்கும். கறுப்பாக ஒரு முகம், சட்டைக் காலர், அவ்வளவுதான். அவசரகாலத்தில் ஒருவன் அட்டையை இன்னொருவன் வைத்திருந்தால் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பந்துக்குத்தானே என்று நினைத்தார்கள்.

ஒத்தமரத்து டீமுக்குப் பயிற்சி கொடுத்தவர் மரியதாஸ். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரசர். வேதக்காரர். வெள்ளை லோங்ஸ் கால்சட்டை போட்டு, சாயங்காலம் ஆறு மணி ஜெபத்தைத் தவறவிடாத ஆள். அவர் டீமில் இடது பக்க முன்வரிசைக்காரர் மாரிமுத்து. செமி பைனலுக்கு முந்திய வாரம் மாரிமுத்துவுக்குக் காலில் புண். டிரசர்தான் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார். டிரசர்தான் மாரிமுத்துவின் அட்டையை வாங்கிக்கொண்டு கருப்பையாவைத் தேடிப் போனார்.

கருப்பையாவுக்கு இடது கால். வெறுங்கால். அன்று திடல் ஈரமாக இருந்தது. ஆற்றுப் பக்கத்தில் இருந்து சேற்று நாற்றம் வந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஓரத்தில் இருந்து உதைத்தார். கோல்கீப்பர் அசையவில்லை.

ஒத்தமரத்து ஜனங்கள் "மாரி! மாரி!" என்று கத்தினார்கள். கத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏய் மாரி, காலு அதுக்குள்ள ஆறிப் போச்சாலா?" என்றான் ஒருவன்.

"டிரசர் மருந்துலா. ஒரே ராத்திரில காலு, மூஞ்சி எல்லாம் மாறிடும்" என்றான் இன்னொருவன்.

"வாய மூடுங்கடா" என்றார் டிரசர். அவருக்கும் சிரிப்பு.

நானும் சிரித்தேன். மறுநாள் டிரசர் போனில் பெயர் சொன்னார். இடது முன்வரிசை, மாரிமுத்து. ஒரு கோல், மாரிமுத்து. நான் எழுதினேன். கோத்தேன். மாரிமுத்து என்பதில் எழுத்துப் பிழை இல்லை.

டிரசர் வந்தார்

அஞ்சலை பேசிய அன்றே நான் ஒத்தமரத்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"டிரசர் ஐயா, கருப்பையா விஷயம்..."

"போன்ல வேணாம் தம்பி. நான் வர்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் போடாத."

நான் வியாழக்கிழமைப் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் கோத்து வைத்திருந்தேன். அதை எடுத்துத் தனியாக வைத்தேன்.

வியாழன் பத்து மணிக்கு வந்தார். வழக்கமாக வந்தால் முதலில் ஒரு சண்டை போடுவார், போன வாரம் ஏன் நாலு வரி, எதிர் டீமுக்கு ஏன் ஆறு வரி என்று. அன்று போடவில்லை. மை நாற்றம் தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். அன்று அதையும் செய்யவில்லை.

திருத்தத்தைக் காட்டினேன். ஈயத்தில் எழுத்து தலைகீழாக இருக்கும். நானே படித்துச் சொன்னேன்: "இடது முன்வரிசையில் ஆடியவர் கருப்பையா. மாரிமுத்து எனத் தவறாக வந்துவிட்டது. வருந்துகிறோம்."

"தப்பு எங்க மேலன்னுதான் போடுறேன். உங்க பேரு வராது" என்றேன்.

"கமிட்டிக்காரன் சும்மா இருப்பானா? அன்னிக்கி நான் காட்டுனது மாரிமுத்து அட்டைய. அது எப்படி கருப்பையா கைக்கு வந்துச்சின்னு கேப்பான். கமிட்டி கேட்டா போலீசு கேக்கும். மாரிமுத்து கால்ல சீழ் இன்னும் நிக்கல. லாக்கப்புல போட்டா காலு போயிரும்."

"கருப்பையா லாக்கப்புலதான் இருக்காரு."

அவர் கோப்புப் பலகையில் கிடந்த ஒரு எழுத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"அந்த மனுஷன் மாரிமுத்து பேர இதுவரைக்கும் சொல்லல. சொல்லியிருந்தா நேத்தே எங்ககிட்ட வந்திருப்பாங்க. அவனே தாங்கிக்கிட்டு இருக்கான். பதினாலு நாள் வச்சிப் பாப்பாங்க, அப்புறம் விட்டுருவாங்க. போன மாசம் எங்க தோட்டத்துல ரெண்டு பேர அப்படித்தான் விட்டாங்க. ஒரு வாரம் பொறு தம்பி. மாரிமுத்து கால் ஆறட்டும்."

எனக்கு அது சரி போலவும் இருந்தது, சரியில்லாதது போலவும் இருந்தது.

வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஞாயித்துக்கெழம பைனல்" என்றார்.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவரும் அப்படி நினைத்திருப்பார். முகம் அப்படி இருந்தது.

நான் சரி என்றேன். டிரசர் மேல் பழி போட இதை எழுதவில்லை. சரி என்றது நான்.

அந்த ஒரு வாரம்

சனிக்கிழமைப் பத்திரிகையிலும் திருத்தம் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். திருத்தமே தேவையில்லை. போலீஸ் ஸ்டேஷன் எங்கள் ஆபீசில் இருந்து நடந்து போகிற தூரம். நான் போய், ஐயா, நான் பேப்பர்க்காரன், ஞாயிற்றுக்கிழமை திடலில் இந்த ஆளைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். கமிட்டி, கோப்பை, பத்திரிகை எதுவும் நடுவில் வராது.

இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன். ஒரு தடவை வாசலில் நின்ற காவலர் என்னைப் பார்த்து, "அப்பா மாவ்?" என்று மலாயில் கேட்டார். என்ன வேண்டும் என்று. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, எதிரில் இருந்த கடையில் கோப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தெரிந்தே பொய்ப் பெயர் போட்டவன் நான். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உதவியாள் என்று பிடிக்கப்பட்ட ஒருவனுக்கு நான் போய் நின்றால், என் பெயரையும் எழுதிக்கொள்வார்கள். பத்திரிகையின் உரிமத்தையும் பார்ப்பார்கள். இப்படி எல்லாம் யோசித்தேன். சுருக்கமாகச் சொன்னால் பயம்.

ஞாயிறு பைனல். நான் போனேன். ஒத்தமரம் மூன்று கோல் வாங்கித் தோற்றது. இடது பக்கத்தில் ஒரு சின்னப் பையனை இறக்கியிருந்தார்கள், அவனுக்குப் பந்து போகவே இல்லை. யாரும் மாரி என்று கத்தவில்லை. லோரி ஏறும்போது டிரசர் என் பக்கம் பார்க்காமல் போனார்.

திருத்தம்

திங்கள் காலையில் தனியாக வைத்திருந்த திருத்தத்தைப் பக்கத்தில் சேர்த்தேன். ஆசிரியர் புரூப்பைப் பார்த்தார்.

"பழனி, இதென்ன?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்ப இருந்து உமக்கு இது தெரியும்?"

"மொதல்ல இருந்தே தெரியும் ஐயா."

"போன செவ்வாய் பேர் போடேக்கையே?"

"ஓம் ஐயா." அவரோடு பேசிப் பேசி எனக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு புரூப்பைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். "நான் இதைப் பாக்கேல்லை. போய் அடியும்."

செவ்வாய்க்கிழமை திருத்தம் வந்தது. பொடி எழுத்தில், மூன்று வரி.

அன்று காலையிலேயே டிரசர் அந்தப் பத்திரிகையோடு ஸ்டேஷனுக்குப் போனார். நான் சொல்லி அவர் போகவில்லை, தானாகவே போனார். மாரிமுத்துவின் அட்டையையும் எடுத்துப் போய், எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டாராம். எழுதியும் கொண்டாராம். பிறகு சொன்னாராம், ஆளை நேற்றே தடுப்பு முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது, உத்தரவு சனிக்கிழமையே மேலே கையெழுத்தாகிவிட்டது, இனி அது தன் கையில் இல்லை என்று. போன வாரம் ஒருவன் வந்து சொல்லியிருந்தால் விசாரித்திருப்பேன் என்றாராம்.

டிரசர் இதை என்னிடம் வந்து சொன்னார். நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

மாரிமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எச்சரித்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். லாக்கப்பில் ஒரு மணி நேரம்கூட வைக்கவில்லை. டிரசரைத் தோட்டத்து நிர்வாகம் வேறு மாநிலத்துக்கு மாற்றியது. ஒத்தமரத் தோட்டம் அதற்குப் பிறகு அந்தக் கோப்பைக்கு டீம் அனுப்பவில்லை.

முகாமில் கருப்பையா பல மாதம் இருந்தார். அரசாங்க விசாரணைக் கமிட்டி ஒன்றின் முன் நிறுத்தினார்களாம். திருத்தத்தையும் காட்டினார்களாம். பிடித்த பிறகு வந்த பத்திரிகைதானே இது, யார் வேண்டுமானாலும் போடச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்களாம். அவரை இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவானது. கைப்பிள்ளையாகக் கப்பலில் வந்தவர் அவர். அங்கே அவருக்கு யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குள் விளையாட்டுப் பத்தியும் நின்றுவிட்டது. ஆசிரியர் ஒரு நாள், "இனி வேண்டாம் பழனி, இடம் தேவைப்படுது" என்றார். நான் காரணம் கேட்கவில்லை. மறுபடி அச்சுக் கோக்க மட்டும் உட்கார்ந்தேன். திங்கள்கிழமை போன் கொஞ்ச நாள் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அஞ்சலை

அஞ்சலையை நான் ஒரு தடவைதான் நேரில் பார்த்தேன். காலை நேரம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கையில் துணி மூட்டை. சிங்கப்பூருக்குப் பஸ் ஏறப் போவதாகவும், அங்கேதான் கப்பல் என்றும், புருஷனோடு தாங்களும் போக அனுமதி கிடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"அந்தத் திருத்தம் போட்ட பேப்பரு இருக்காய்யா? ரெண்டு வேணும்."

"எதுக்கும்மா?"

"அங்க ஊர்ல யாராச்சும் எதுக்குடா தொரத்திவிட்டாங்கன்னு கேப்பாங்கல்ல. காட்டணும்."

பழைய கட்டைப் பிரித்து இரண்டு எடுத்தேன். தூசி தட்டிக் கொடுத்தேன்.

"எங்கய்யா இருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது."

விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். குழந்தையும் பார்த்தது.

"நல்லா வெளையாடுவாரா? நான் ஒரு ஆட்டம்கூடப் பாத்ததில்ல. லோரில பொம்பளைங்களுக்கு எடம் இல்லம்பாங்க."

"நல்லா ஆடுவாரும்மா. அன்னிக்கி அவரு போட்ட கோல் மாதிரி நான் பாத்ததில்ல. எடது காலு. ஓரத்துல இருந்து. கோல்கீப்பரு அசையவே இல்ல."

அவர் முகம் ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. பிறகு பத்திரிகையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அவரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

மூட்டைக்குள் பத்திரிகையை வைத்தார். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார்.

"நான் போன்ல பேசுனப்பவே தெரியுமா?"

"ஆமாம்மா."

"சரிங்க" என்றார். படியிறங்கி பஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.